பறப்பதற்கு முன் தொடைப் பட்டையைப் பாருங்கள்

விழுப்புரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "என் பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஐப்பசியில் அவளும் மாப்பிள்ளையும் குலு, மணாலி என்று கிளம்புகிறார்கள். அங்கே மலை மேலிருந்து பெரிய குடை மாதிரி ஒன்றில் ஆளைக் கட்டிப் பறக்க விடுகிறார்களாமே, அதில் ஏறியே தீருவேன் என்று நிற்கிறாள். வேண்டாம் என்றால் 'நீ சும்மா இரும்மா' என்கிறாள். உங்கள் பையனுக்கு அதுதான் தொழில் என்று முன்பு ஒரு தடவை எழுதியிருந்தீர்கள். நீங்களே சொல்லுங்கள், போகலாமா, கூடாதா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியா இது? இந்த இதழில் நார்த்தங்காய் ஊறுகாய் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். நார்த்தங்காய் எங்கும் ஓடிவிடாது. ஒரு தாயின் கவலை முந்திக்கொள்ளட்டும்.

என் பையன் இமாசலப் பிரதேசத்தில் பீர் என்ற ஊரில் இருக்கிறான். புனே பக்கம் காம்ஷெட்டில் பாராகிளைடிங் கற்றுக்கொண்டு, பல வருஷம் தனியாகப் பறந்து, பிறகுதான் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு பறக்கும் டாண்டம் பைலட் ஆனான். டாண்டம் என்றால் இரட்டைச் சவாரி. முன்னால் நாம், பின்னால் பைலட், தலைக்கு மேல் ஒரே இறக்கை. கடற்கரையில் படகோ ஜீப்போ கயிறு கட்டி இழுக்க மேலே போகிறார்களே, அது பாராசெயிலிங், வேறு சங்கதி. இதில் இழுப்பதற்கு ஒருவரும் இல்லை. மலைச்சரிவில் நாலு எட்டு ஓடினால் காற்று தூக்கிக்கொள்ளும். பிரான்ஸில் மியூஸி என்ற மலைக் கிராமத்தில் 1978-ல் பாராசூட் வீரர்கள் மூன்று பேர், விமானத்தில் ஏறிக் குதிக்கிற செலவு கட்டுப்படியாகாமல் சரிவில் ஓடிப் பறந்து பார்த்தார்களாம். அதிலிருந்து வளர்ந்ததுதான் இத்தனையும்.

இமாசலத்தில் ஒவ்வொரு வருஷமும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத்துக்காகப் பறப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த இரண்டு மாதம்தான் என் பிள்ளை கோட்டக்குப்பத்தில் எனக்குக் கிடைப்பான். ஆடி பிறந்ததும், முதுகில் இருபது கிலோ மூட்டையோடு ஆட்டோவிலிருந்து இறங்குவான். முதல் வருஷம் அதைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டு லாத்தா, "என்னா தங்கச்சி, பிள்ளை மெத்தை தலையணையோட வந்து இறங்குது? அங்க வேலையை விட்டுடுச்சா?" என்று கவலையோடு கேட்டார்கள்.

மெத்தை இல்லை, இறக்கை. கூடத்து நாற்காலியையெல்லாம் எடுத்துவிட்டுக் கால்பங்கு விரித்ததற்கே இடம் போதவில்லை. முழுதும் விரித்தால் சுமார் 40 சதுர மீட்டர். நம் புடவை ஒன்று ஆறு சதுர மீட்டர் தேறும். ஆக ஆறேழு புடவையைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்த அளவு. அதுவும் ஒற்றைத் துணி இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் தடுப்பு வைத்து அறை அறையாகத் தைத்திருக்கிறார்கள். முன்பக்கத்து வாய்கள் வழியாகக் காற்று புகுந்து உப்பிக்கொண்டால்தான் அது இறக்கை. இல்லாவிட்டால் வெறும் நைலான் துணி. சட்டம் கிடையாது. முன் விளிம்பில் வடிவத்துக்காகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குச்சிகள் மட்டும் உண்டு. இரண்டு மனிதர்களைத் தாங்குவது இந்தத் துணியும், அதிலிருந்து இறங்கும் சின்னக் கயிறுகளும்தான். அந்தக் கயிறுகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். முதலில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த வருஷம் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வந்த அலுப்பில் அவன் மத்தியானம் தூங்கிவிட்டான். பையைத் திறந்தால் ஈர வாடை. கடைசி நாள் மழையில் நனைந்ததை அப்படியே கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஈரத்துணியைப் பார்த்துக்கொண்டு எந்தப் பெண்பிள்ளை சும்மா இருப்பாள்? மொட்டை மாடிக்கு இழுத்துப் போய் உச்சி வெயிலில் விரித்துப் போட்டேன். நல்லவேளை, சோப்புத் தண்ணீரில் நனைக்கவில்லை. அந்த யோசனையும் இருந்தது. நாலு மணிக்கு எழுந்து வந்தவன் பார்த்துவிட்டு, "அம்மா, யாரு இதை வெயில்ல போட்டது?" என்றான். சத்தம் போடவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் அவன் விளக்கிச் சொன்னது எனக்குப் புரிந்த வரைக்கும் இதுதான். இந்த நைலானின் இழைகளுக்கு நடுவே காற்று புகாதபடி மேலே ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். வெயில் அந்தப் பூச்சையும் அரிக்கும், இழையையும் அரிக்கும். பழைய குடையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்குக் கிழிசல் தெரியாது, ஆனால் மழை பெய்தால் தூறல் உள்ளே இறங்கும். அதே கதைதான் இதற்கும். துணி வழியே காற்று கசிய ஆரம்பித்தால் இறக்கை சட்டென்று எழும்பாது. எழும்பினாலும் மேலே போய் வேகம் குறையும்போது திடீரென்று தொய்ந்து கீழே இறங்கும். வெறும் கண்ணால் இதைக் கண்டுபிடிக்க முடியாதாம். துணி வழியே காற்று கடந்து போக எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் அதை வைத்து வொர்க்ஷாப்பில் பார்க்கிறார்கள்.

"ஒரு நாள் வெயிலுக்கு ஒண்ணும் ஆகிடாதும்மா. ஆனா ஒவ்வொரு நாளும் 'ஒரு நாள்தானே'ன்னுதான் போகும்" என்றான்.

யோசித்துப் பார்த்தால், பட்டுப்புடவைக்கு நாம் செய்வதைத்தான் அவனும் இதற்குச் செய்கிறான். நிழலில் காற்றாட உலர்த்துகிறான். அழுக்குப் பட்டால் வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுக்கிறான். சோப்பு, வாஷிங் மெஷின், இஸ்திரி எதுவும் கூடாது. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்தால் பட்டு மடிப்பிலேயே இற்றுப் போகிறதல்லவா, இதுவும் அப்படித்தான். மடிப்பு மாற்றித் தளர்வாகச் சுருட்டி வைக்கிறான். மடிப்பதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் கையை விட்டுத் தடவுகிறான். ஒரு தரம் உள்ளேயிருந்து ஒரு வெட்டுக்கிளி வந்தது, செத்துக் காய்ந்து போயிருந்தது. புல்தரையில் விரிக்கும்போது இது சகஜமாம். மடிப்பில் நசுங்கினால் அதன் சாறு துணியைக் கெடுக்குமாம். எங்கள் ஊரானால் வெட்டுக்கிளிக்குப் பதில் மணல். அரைத்துத் தள்ளிவிடும்.

மணலைவிட மோசம் எங்கள் காற்று. கோட்டக்குப்பத்திலிருந்து வடக்கே முப்பது சொச்சம் கிலோமீட்டர் போனால் மரக்காணத்து உப்பளம். இங்கே எங்கள் வாசல் கேட்டுக்கு வருஷம் ஒரு தரம் பெயிண்ட் அடித்தாலும், பங்குனிக்குள் கீல் துருப்பிடித்துக் கிறீச்சிடும். தைத்து முடித்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தால் நாலே மாதத்தில் கறுத்துப் போகிறது. கயிறுகள் பட்டைகளோடு சேரும் இடத்தில் சின்னச் சின்ன இரும்பு வளையங்கள் இருக்கின்றன. ஆளைத் தொங்கவிடும் கொக்கிகள் இருக்கின்றன. இடுப்பிலும் தொடையிலும் பூட்டும் பக்கிள்கள் இருக்கின்றன. உப்பு இவற்றில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கடற்கரைப் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம். உப்புக் காய்ந்து பொடியாக நின்றால் இழையையும் அறுக்கும். அதனால் என் பையன் இங்கே வந்ததும் பையை உள்ளறைக்குக் கொண்டு போய்விடுகிறான், கடல் பக்கத்து ஜன்னல் சாத்தியே இருக்கும். பக்கிள்களை ஒவ்வொன்றாக நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, காதருகே வைத்து 'டக்' என்ற சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்பான். டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி இருக்கும்.

கயிறு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பறக்கும்போது முன்வரிசைக் கயிறுகளுக்குத்தான் பாரம் அதிகம், பின்வரிசைக்குக் குறைவு. நாளாக ஆக முன்கயிறு துளி நீளும். பாரமில்லாத பின்கயிறு, நனைந்து காய்ந்து, சுருங்கும். எல்லாம் சில சென்டிமீட்டர் கணக்குதான். அதற்கே இறக்கையின் சாய்மானம் மாறி, மந்தமாகி, ஆபத்துக்குப் பக்கத்தில் போய்விடுமாம். பாவாடை நாடா ஒரு பக்கம் சுருங்கினால் பாவாடையே கோணிக்கொள்வதில்லையா! அதனால் ஒவ்வொரு கயிற்றையும் அளந்து பார்த்து, மாறியிருந்தால் சரி செய்கிறார்கள். அவனுக்கு அளக்கும்போது நான் நோட்டில் குறித்துக் கொடுப்பேன்.

ரிசர்வ் பாராசூட் ஒன்று தனியாக இருக்கிறது. இறக்கைக்கு ஏதாவது ஆனால் கையால் எடுத்து வீசுவதற்கு. ஆண்டவன் புண்ணியத்தில் அவன் இதுவரை வீச வேண்டி வரவில்லை. வீசாத பாராசூட்டைத்தான் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும் என்கிறான், ஏனென்றால் பைக்குள்ளேயே கிடந்து ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும், அது வெளியே தெரியாது. ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தரமாவது பிரித்து, காற்றாட விட்டு, முறைப்படி திரும்ப மடிக்க வேண்டும். கூடத்து மின்விசிறியை அணைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளை லாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் நுனியைப் பிடித்துக்கொள்ள அவன் மடிப்பான். கயிறுகளை ரப்பர் பாண்டு போட்டுச் சுற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் புது ரப்பர் பாண்டுதான். போன வருஷத்து ரப்பர் பாண்டு விறைத்துப்போய் இழுத்தாலே அறுந்துவிடும், அல்லது உருகி ஒட்டிக்கொள்ளும். மருந்துச் சீட்டுக்கும் பால் கவருக்கும் பழைய ரப்பர் பாண்டைச் சேர்த்து வைக்கிறவள் நான். அவன் அந்த டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இவ்வளவு பார்த்த பிறகு எனக்கே ஆசை வந்துவிட்டது. போன வருஷம் ஐப்பசியில் போனேன். சென்னையிலிருந்து டில்லி, அங்கிருந்து ராத்திரி பஸ். பீர் காங்கிரா மாவட்டத்தில் சின்ன ஊர், திபெத்தியர் குடியிருப்பு ஒன்றும் இருக்கிறது. 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்த இடம். அங்கிருந்து ஜீப்பில் 14 கிலோமீட்டர் மலையேறினால் பில்லிங் என்ற புல்வெளி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். பின்னால் தௌலாதார் மலைத்தொடர், முன்னால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே வயல்கள். மலையே இல்லாத ஊரில் பிறந்த எனக்கு அங்கே நிற்கவே கால் கூசியது.

மகளின் சுடிதார், ஷூ, ஸ்வெட்டர். துப்பட்டா கூடவே கூடாது என்று ரூமிலேயே வாங்கி வைத்துவிட்டான். ஹார்னஸ் என்கிற, உட்காரும் பை மாதிரியான ஒன்றை மாட்டினான். தோளில் இரண்டு பட்டை, மார்புக்குக் குறுக்கே ஒன்று, தொடைக்கு ஒவ்வொன்று. எல்லாவற்றையும் பூட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, ஹெல்மெட் வாரை மாட்டினான். பறக்க வேண்டியதுதான் பாக்கி. காற்று பின்னாலிருந்து வீச ஆரம்பித்தது. முன்னாலிருந்து வந்தால்தான் எழும்ப முடியுமாம்.

"கொஞ்சம் உட்காரும்மா, காத்து திரும்பட்டும்" என்று என்னை இறக்கையிலிருந்து கழற்றி உட்கார வைத்துவிட்டு, கயிறுகளைப் பார்க்கப் போனான்.

புல்லில் உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். வலது தொடைப் பட்டை கவட்டில் அழுத்தி வலித்தது. எனக்கென்ன தெரியும், 'எழுந்ததும் போட்டுக்கொள்ளலாம்' என்று அந்த பக்கிளைக் கழற்றி விட்டுக்கொண்டேன். பக்கத்தில் புனேக்காரப் பெண் ஒருத்தி டீ கொடுத்தாள். அரைகுறை இந்தியில் அவள் குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று "ம்மா, காத்து வந்தாச்சு, எழுந்திரு எழுந்திரு" என்றான். எழுந்தேன். பட்டை சுத்தமாக மறந்துவிட்டது.

கொக்கியில் மாட்டுவதற்கு முன் அவன் மறுபடி என் தோளிலிருந்து ஆரம்பித்தான். தோள், மார்பு, இடது தொடை. வலது தொடைப் பட்டையை இழுத்தான்; அது அவன் கையோடு வந்துவிட்டது.

என் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டினான். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி பார்த்தான். எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் அவசரப்பட்டார்கள். அவன் காதில் வாங்கவில்லை. அப்புறம் பறந்தோம். பறந்த அழகை இன்னொரு இதழில் எழுதுகிறேன், இப்போது அது வேண்டாம்.

அன்று ராத்திரி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். "தரையில நிக்கும்போது தோள் பட்டையே போதும்மா, எல்லாம் இறுக்கமா சரியா இருக்குற மாதிரிதான் தோணும். காலு தரையை விட்ட அப்புறம்தான் தொடைப் பட்டைக்கு வேலை. ரெண்டும் இல்லேன்னா ஆளு அப்படியே கீழ நழுவிடுவாங்க. ஒண்ணு மட்டும் இருந்தா சாஞ்சு தொங்குவாங்க, உட்காரவும் முடியாது, இறங்கவும் முடியாது. மறந்து போறவங்க நிறையப் பேர் மொதல்ல சரியாத்தான் போட்டிருப்பாங்க. நடுவுல போட்டோவுக்கு, பாத்ரூமுக்கு, வலிக்குதுன்னு கழட்டிடுவாங்க."

ராத்திரி படுக்கப் போகும் முன், வீட்டுக்காரர் "நான் மூடிட்டேன்" என்று சொன்னாலும் நாம் சமையலறைக்குப் போய் காஸ் ரெகுலேட்டரை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறோமே, அதேதான். மூடியது உண்மையாக இருக்கலாம். அதற்கப்புறம் யாராவது பால் சுட வைத்திருக்கலாம் இல்லையா?

விழுப்புரத்துச் சகோதரியின் பயம் வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து புதுமணத் தம்பதி ஒன்று மணாலி போனது. குலு பக்கம் தோபியில் டாண்டமில் பறந்தபோது கட்டியிருந்த பட்டை கழன்று கணவர் விழுந்து இறந்துபோனார் என்று செய்தி வந்தது. கல்யாணமாகிச் சில நாள்தான். 2024 பிப்ரவரியில் அதே தோபியில் தெலங்கானாவிலிருந்து வந்த ஓர் இளம்பெண் விழுந்து இறந்தார். பைலட் பட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அவரைக் கைது செய்தார்கள். இந்த இரண்டிலும் வந்த செய்தி பட்டையைப் பற்றித்தான், புயலைப் பற்றி இல்லை. இழுத்துப் பார்க்கச் சில விநாடி போதும்.

ஆகவே சகோதரி, பெண் போகட்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பயணியாகப் போகக் கூடாது. ஓடுவதற்கு முன், தானே குனிந்து இரண்டு தொடையிலும் மார்பிலும் பட்டையை இழுத்துப் பார்க்கட்டும். பைலட் பார்த்த பிறகும் பார்க்கட்டும். நடுவில் எதையாவது கழற்றினால் உடனே வாய்விட்டுச் சொல்லட்டும். மார்புப் பட்டையும் தொடைப் பட்டையும் சேர்ந்தே பூட்டுகிற மாதிரி இப்போது ஹார்னஸ் வருகிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பூட்ட முடியாது. அது கிடைத்தால் நல்லது. என் பையன் ஊருக்குத் திரும்பும்போது நான் வேறெதுவும் கேட்கவில்லை, அதைத்தான் வாங்கச் சொன்னேன். வாங்கிவிட்டான்.

பைலட்டைப் பற்றி விசாரிப்பதில் கூச்சம் வேண்டாம். இமாசலத்தில் டாண்டம் பைலட் சுற்றுலாத் துறையில் பதிந்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லலாம். "ரிசர்வ் எப்போது மடித்தீர்கள்?" என்று மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்கட்டும். ஒழுங்கான பைலட் மாதத்தைச் சொல்லுவான், சந்தோஷமும் படுவான். எரிந்து விழுந்தால், அல்லது சிரித்து மழுப்பினால், "சரிங்க, அப்புறம் வரோம்" என்று திரும்பிவிடலாம். துணி வெளுத்துப் போயிருக்கிறதா, கயிறு நார் நாராக நிற்கிறதா என்பதைப் பார்க்க நமக்குப் படிப்பு வேண்டாம், தினமும் கொடியில் பார்க்கிறோம். பஸ் நிலையத்திலேயே வந்து மடக்கி, பாதி விலை என்று இழுக்கிற ஆளிடம் பேரம் வேண்டாம். ஒரு பைலட் ஒரு நாளில் எத்தனை சவாரி ஓட்டினால்தான் அந்த விலை கட்டும் என்று எண்ணிப் பார்த்தால் போதும். போட்டோ, வீடியோ மோகம் வேறு. ஓடுகிற நேரத்திலும் இறங்குகிற நேரத்திலும் பைலட்டின் கையில் கேமராக் குச்சி இருக்கக் கூடாது. வானத்தில் குட்டிக்கரணம் போடச் சொல்லியும் கேட்க வேண்டாம். அநேகம் பேர் வாந்தி எடுக்கிறார்கள், அது ஒன்றும் சுகமில்லை.

'ஓடு' என்றால் ஓட வேண்டும். நிறையப் பெண்கள் இரண்டு எட்டு வைத்ததும் பயத்தில் உட்கார்ந்துவிடுகிறார்களாம், அல்லது குதிக்கிறார்களாம். இரண்டுமே ஆபத்து. கால் தரையை விட்டு எழுந்த பிறகும், உட்காரச் சொல்கிற வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புடவை, துப்பட்டா, செருப்பு ஆகாது. சாப்பிட்ட கையோடு போகக் கூடாது, வெறும் வயிற்றிலும் கூடாது. இரண்டு இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போனால் சரி.

புதுப் பெண் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நாள் தள்ளிப் போயிருந்தால் பறக்கக் கூடாது. சந்தேகம் இருந்தாலும் கூடாது. தரையிறங்கும்போது சில சமயம் தொப்பென்று உட்கார நேரும். சமீபத்தில் பிரசவம் ஆனவர்கள், ஆபரேஷன் தையல் ஆறாதவர்கள், முதுகெலும்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள், வலிப்பு வருகிறவர்கள் எல்லோரும் கீழே நின்று கையசைத்தால் போதும். சின்னக் குழந்தைகளை ஆசைக்காக ஏற்றாதீர்கள். பெரியவர்களுக்கென்று தைத்த ஹார்னஸில் குழந்தை தொளதொளவென்று இருக்கும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைலட் "இன்னிக்கு வேண்டாம்" என்றால் அவனோடு தர்க்கம் செய்ய வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்குக் காற்று வலுக்கும். அதனால் காலைப் பொழுதைக் கேளுங்கள். கருத்த, உயரமாக வளருகிற மேகம் கண்ணில் பட்டால் ஒருத்தரும் பறக்கக் கூடாது. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் மனில்லா என்ற இடத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த ஏவா விஸ்னியர்ஸ்கா என்ற வீராங்கனையை ஓர் இடிமேகம் உள்ளே உறிஞ்சி, 9,900 மீட்டருக்கு மேல், எவரெஸ்டையும் தாண்டிய உயரத்துக்குத் தூக்கிப் போய்விட்டது. பனி உறைந்து, நினைவிழந்து, எப்படியோ பிழைத்து இறங்கினார். அவர் கெட்டிக்காரப் பந்தய வீராங்கனை. அவருக்கே அந்தக் கதி. எங்கள் கடற்கரையில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் அதிகாலையில் காற்றைப் பார்த்துவிட்டு, டீசல் போட்ட படகையும் திரும்பக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். 'பணம் கட்டியாச்சே' என்று எவரும் கடலுக்குள் போவதில்லை. சுற்றுலாப் பயணிதான் அப்படிக் கேட்கிறான்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பெண்ணின் பெட்டியில், புடவைகளுக்கு மேலே வைத்து அனுப்புங்கள். 'நீ சும்மா இரும்மா' என்று சொன்னாலும் ரயிலில் பொழுது போகாமல் படிப்பாள். அவள் ஊர் திரும்பியதும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், காத்திருப்பேன்.

என் பிள்ளை இன்னும் மூன்று வாரத்தில் கிளம்புகிறான். நேற்று ரிசர்வ் மடித்து முடித்தாயிற்று. புது ரப்பர் பாண்டில் நாலைந்து மிச்சம் இருந்தது. அலமாரியில் எடுத்து வைத்தேன். "அதை அடுத்த வருஷத்துக்குன்னு வெச்சுடாதம்மா, பால் கவருக்குப் போட்டு இப்பவே தீர்த்துடு" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போயிருக்கிறான்.

அடுத்த இதழில் நார்த்தங்காய்.